அப்பாவின் தலைமுடியும் அப்சோர்பர் எண்ணெயும்

போன சனிக்கிழமை கிள்ளானில் ஒரு பள்ளி மண்டபத்தில், முன்பின் தெரியாத ஒன்பது பேரிடம் போய், "உங்க தலையில இந்த பலூனை ஒரு நிமிஷம் தேய்ச்சுக்கலாமா?" என்று கேட்டேன்.

ஏழு பேர் சிரித்தார்கள். ஒருவர் எழுந்து இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார். ஓர் அக்கா மட்டும் கீழே வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் இறுக்கிக்கொண்டார்.

பிள்ளைகளே, எனக்குப் புத்தி ஒன்றும் பிசகவில்லை. என் மகளின் மானம் அந்த பலூனில் இருந்தது.

வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். நான் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியில் குடியிருக்கும் டிரைவர். ஒரு முதலாளிக்குக் கார் ஓட்டுகிறேன். படிப்பு மூன்றாம் படிவம் வரைக்கும். அதற்கு மேல் படித்ததெல்லாம் சாலையில்தான்.

விஷயம் அந்தக் காரில்தான் ஆரம்பித்தது.

முதலாளி போன வருடம் புதுக் கார் வாங்கினார். முதல் நாளே அவரை பூச்சோங் பக்கம் ஒரு தாமானுக்குள், அதாவது குடியிருப்புப் பகுதிக்குள், கூட்டிப் போனேன். நம் தாமான்களைத்தான் உங்களுக்குத் தெரியுமே... வீட்டுக்கு ஒரு வேகத்தடை. நாம் போங்கோல் என்போம். ஒவ்வொரு போங்கோலும் ஒரு குட்டி மலை. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு முதல் மலையில் ஏறினேன்.

ஏறியது தெரியவில்லை. இறங்கியதும் தெரியவில்லை. பின் சீட்டில் முதலாளி கையில் இருந்த கோப்பி ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அவர் இறங்கி உள்ளே போனதும் நான் திரும்பி நடந்து போய், அங்கே உண்மையிலேயே போங்கோல் இருக்கிறதா என்று காலால் மிதித்துப் பார்த்துவிட்டு வந்தேன். இருந்தது.

அதே கார், அதே நாள் சாயந்தரம். நெடுஞ்சாலையில் ஒரு பெரிய வளைவு. இத்தனை மெத்தையான கார் இங்கே படகு மாதிரி ஆடப்போகிறது என்று பயந்தேன். ஆடவே இல்லை. பலகை மாதிரி நின்றது.

காலையில் மெத்தை, மாலையில் பலகை. ஒரே காருக்கு எப்படி இரண்டு குணம்?

கிள்ளானில் சர்வீஸுக்கு விட்டபோது மெக்கானிக்கிடம் கேட்டேன். அவர் சக்கரத்துக்கு உள்பக்கம் டார்ச் அடித்துக் காட்டினார். அப்சோர்பரிலிருந்து ஒரு வயர் போனது. அப்சோர்பருக்கு எதற்கு வயர்? நான் இருபது வருடமாக வண்டி ஓட்டுகிறேன். வயர் வைத்த அப்சோர்பரைப் பார்த்ததே இல்லை. எலி கடித்து இழுத்து வந்த வயரோ என்றுகூட நினைத்தேன்.

அவர் சொன்னதை உங்களுக்குச் சமையலறை பாஷையில் சொல்கிறேன்.

அப்சோர்பர் என்பது ஒரு குழாய். உள்ளே எண்ணெய். எண்ணெய்க்குள் ஓட்டை போட்ட ஒரு தட்டு மேலும் கீழும் போய் வரும். சக்கரம் குழியில் விழுந்து எழுந்தால் ஸ்பிரிங் குதிக்கும். சும்மா விட்டால் குதித்துக்கொண்டே இருக்கும். எண்ணெய் அந்தச் சின்ன ஓட்டைகள் வழியாகச் சிரமப்பட்டுப் போக வேண்டியிருப்பதால் குதியல் அடங்கும். அவ்வளவுதான்.

இப்போது அம்மா ரசம் வைக்கும்போது கரண்டியை விட்டுச் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றும். கேசரி இறுகும்போது சுற்றிப் பாருங்கள். கை வலிக்கும். அப்சோர்பருக்குள் ரசம் மாதிரி எண்ணெய் இருந்தால் போங்கோலில் சுகம், வளைவில் ஆட்டம். கேசரி மாதிரி இருந்தால் வளைவில் உறுதி, போங்கோலில் முதுகெலும்பு போச்சு. சாதாரணக் காரில் ஏதாவது ஒன்றைத்தான் வைக்க முடியும்.

முதலாளி காரில் ஒரே எண்ணெய் ரசமாகவும் இருக்கிறது, கேசரியாகவும் ஆகிறது. கரண்ட் பாய்ந்தால் கேசரி. கரண்ட் நின்றால் மறுபடியும் ரசம். கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது.

எப்படி? அந்த எண்ணெயில் மாவை விட மெல்லிய இரும்புத்தூள் கலந்திருக்கிறது. கரண்ட் பாய்ந்ததும் உள்ளே ஒரு காந்தம் உண்டாகும். சிதறிக் கிடந்த தூளெல்லாம், மணி அடித்ததும் நீங்கள் சபைகூடலுக்கு ஓடிப் போய் வரிசை பிடிப்பது போல, கைகோத்து வரிசையாக நிற்கும். வரிசையைத் தள்ளிக்கொண்டு போக முடியாமல் எண்ணெய் திணறும். கரண்ட் நின்றால் வரிசை கலையும்.

அன்று வீட்டுக்குப் போய் என் மகள் தர்ஷினியிடம் இதைச் சொன்னேன். வயது பதினொன்று. எதையும் லேசில் நம்பமாட்டாள்.

"ப்பா, கதை விடாதீங்க. எண்ணெய் எப்படிப்பா கரண்டுக்குக் கெட்டியாகும்?"

நான் விட்டேனா? மெக்கானிக் சொன்னதையெல்லாம் திரும்பச் சொன்னேன். அவள் மறுநாள் பள்ளியில் போய், எங்கப்பா ஓட்டும் காரில் இப்படி ஓர் எண்ணெய் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. உங்கப்பா டிரைவர்தானே, அவருக்கு அப்சோர்பர் உள்ளே என்னா இருக்குன்னு எப்படித் தெரியும் என்று ஒருத்தி கேட்டாளாம்.

இவள் அழுதுகொண்டு வரவில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, அடுத்த அறிவியல் கண்காட்சிக்கு இதைத்தான் செய்யப்போகிறேன் என்றாள்.

அவளுடைய புனிதா டீச்சர் தங்கமான மனுஷி. இரும்புத்தூள் வேண்டாம், அதற்கு ஒரு பங்காளி இருக்கிறது என்று வழி சொன்னார். சோள மாவையும் சமையல் எண்ணெயையும் கலந்தால் போதும். தண்ணீர் அல்ல, எண்ணெய். இது காந்தத்துக்குப் பணியாது, மின்னூட்டத்துக்குப் பணியும். வயரும் வேண்டாம், பிளக்கும் வேண்டாம். ஒரு பலூனைத் தலைமுடியில் நன்றாகத் தேய்த்தால் அதில் மின்னூட்டம் ஏறும். அது போதும். (பிள்ளைகளே, இந்த இடத்தில் ஒன்று. நீங்கள் யாரும் பெரிதாகச் செய்கிறேன் என்று சுவர் பிளக்கில் வயரைச் செருகக் கூடாது. பலூன்தான். பலூன் மட்டும்தான்.)

சுலபம் என்றுதானே நினைக்கிறீர்கள்? நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

முதல் சிக்கல், நம் ஊர்க் காற்று. எப்போதும் ஈரம். ஈரக் காற்றில் பலூனில் ஏறிய மின்னூட்டம் நிற்காமல் ஓடிவிடும். எனவே படுக்கையறையில் ஏர்கோனை முழு வேகத்தில் போட்டு, கதவிடுக்கில் துண்டைச் செருகி, மூன்று பேரும் போர்வை போர்த்திக்கொண்டு பட்டப்பகலில் ஆராய்ச்சி செய்தோம்.

இரண்டாவது சிக்கல், தலை. தர்ஷினி தன் தலையில் தேய்த்தாள். பலூன் வழுக்கிக்கொண்டு போனது. என் மனைவி லெட்சுமி தலையில் தேய்த்தாள். பலூன் பளபளவென்று ஆனது, அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் தினமும் தேங்காய் எண்ணெய். எண்ணெய்த் தலையில் எங்கே மின்னூட்டம் ஏறும்?

கடைசியில் என் தலையைப் பார்த்தார்கள்.

என் தலையில் எட்டு வருடமாக எண்ணெய் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளியம்மா சொல்லிவிட்டார், சீட்டின் தலைசாய்ப்பில் எண்ணெய்க் கறை படக் கூடாது என்று. எட்டு வருடம் காய்ந்த முடி. அடர்த்தியாக, தேங்காய் நார் மாதிரி, சீப்பே உள்ளே போக யோசிக்கும். லெட்சுமிக்கு அதைப் பார்த்தாலே பிடிக்காது.

தர்ஷினி முப்பது தடவை தேய்த்தாள். தேய்க்கும்போதே சடசடவென்று சத்தம் கேட்டது. கரண்டியில் மாவுக் கலவையை எடுத்துச் சாய்த்தாள். நூல் மாதிரி ஒழுகியது. பலூனைப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

ஒழுகிக்கொண்டிருந்தது, பாதியில் நின்றது.

சும்மா நிற்கவில்லை. பலூன் பக்கம் வளைந்து, விறைத்து, அந்தரத்தில் கொக்கி மாதிரி நின்றது. பலூனை விலக்கினாள். பொத்தென்று கிண்ணத்தில் விழுந்து மறுபடியும் ஒழுக ஆரம்பித்தது. மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டிருந்தோம். லெட்சுமிதான் முதலில் பேசினாள். "ஏங்க, இந்த முடியால ஒரு பிரயோஜனம் இருக்குன்னு இன்னிக்குத்தாங்க தெரியுது."

தர்ஷினி அறிக்கை எழுதினாள். தேவையான பொருட்கள்: ஒன்று, சோள மாவு. இரண்டு, சமையல் எண்ணெய். மூன்று, கரண்டி. நான்கு, பலூன். ஐந்து, அப்பாவின் தலை. புனிதா டீச்சர் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார்.

பள்ளி அளவில் அவளுக்குத்தான் முதல் பரிசு. ஆனால் வகுப்புப் பிள்ளைகள் அடங்கவில்லை. வீட்டில் பசை ஏதோ கலந்து வந்துவிட்டாள், மாநில அளவில் பெரிய நடுவர்கள் முன்னால் செய்து காட்டட்டும் பார்ப்போம் என்றார்கள். மாநிலப் போட்டிக்குத் தேர்வானால்தானே காட்ட முடியும்? கடிதம் வரவேண்டும். வரவில்லை. அவள் தினமும் டீச்சரிடம் கேட்டாள். சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு தகப்பன் என்ன செய்வான்? முருகனிடம் போனேன். கடிதம் வந்தால் தைப்பூசத்துக்கு பத்துமலையில் மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். நேர்த்திக்கடனை வெளியில் சொல்லக் கூடாது என்பார்கள். சொல்லவில்லை.

அடுத்த வாரமே கடிதம் வந்துவிட்டது.

இப்போது உங்களில் புத்திசாலிகள் சிலர் தலையில் கை வைத்திருப்பீர்கள். எனக்கு அந்தப் புத்தி வரவில்லை. சத்தியமாக வரவில்லை. தைப்பூசத்தன்று பத்துமலை ஆற்றங்கரையில் உட்கார்ந்து, நாவிதர் தலையில் தண்ணீர் தெளித்தபோதும் வரவில்லை. முடி கொத்துக் கொத்தாக மடியில் விழுந்தபோது, என் மகளுக்காக என்று கண் கலங்கினேன். சந்தனம் பூசிக்கொண்டு, குளுகுளுவென்ற தலையோடு, மனம் நிறைந்து வீட்டுக்கு வந்தேன்.

கதவைத் திறந்தது தர்ஷினி. என் முகத்தைப் பார்க்கவில்லை. முகத்துக்கு மேலே பார்த்தாள்.

"ப்பா... என் மெஷின் எங்க?"

அப்போதுதான், பிள்ளைகளே, எனக்கு உறைத்தது.

போட்டிக்கு ஆறு நாள் இருந்தது. அந்த ஆறு நாளும் அவள் என்னோடு பேசவில்லை. கத்தவில்லை, அழவில்லை. நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, அம்மா, அப்பாகிட்ட அந்த ஊறுகாயைத் தரச் சொல்லுங்க என்பாள். லெட்சுமி எனக்குப் பரிந்து பேசினாள். சாமி காரியத்தைக் குறை சொல்லக் கூடாது என்றாள். சாமியை நான் ஒண்ணும் சொல்லலையே என்றாளாம் மகள்.

செவ்வாய்க்கிழமை எனக்கு மெல்ல முடி முளைத்திருந்தது. நானாகவே ஒரு பலூனை ஊதி என் தலையில் தேய்த்தேன். படார். இரண்டாவது... படார். இரண்டு நாள் முடி மணல்தாள் மாதிரி என்று எனக்கு எப்படித் தெரியும்? மூன்றாவது வெடித்ததும் கீழ் வீட்டு அங்கிள் வந்து, பிறந்தநாள் யாருக்கு என்று விசாரித்துவிட்டுப் போனார்.

புதன்கிழமைதான் லெட்சுமிக்கு அவள் தம்பி சேகர் ஞாபகம் வந்தது. பூச்சோங்கில் இருக்கிறான். கல்யாணங்களில் கீபோர்டு வாசிப்பவன். கழுத்து வரை முடி. மேடையில் காற்றில் பறக்க வேண்டும் என்பதற்காக எண்ணெய் பக்கமே போகாதவன். உடனே வந்தான். ஏர்கோன் அறையில் உட்காரவைத்துத் தேய்த்தோம். என் தலையைவிட நன்றாக வேலை செய்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

தர்ஷினி முகத்தில் அன்றுதான் சிரிப்பு வந்தது. சனிக்கிழமை காலை நேராக கிள்ளானுக்கு வந்துவிடு மச்சான் என்று சேகருக்குப் படித்துப் படித்துச் சொன்னேன். நேரத்துக்கு வா என்று சொன்னேன். மண்டபத்துக்கு வழி சொன்னேன். எங்கே பார்க்கிங் கிடைக்கும் என்றுகூடச் சொன்னேன்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

சனிக்கிழமை வந்தது. மண்டபத்தில் ஏர்கோன் நன்றாகக் குளிர்ந்தது. மேசை போட்டு, கிண்ணம் வைத்து, பலூன் ஊதித் தயார். நேரத்துக்கு முன்பே சேகர் வந்துவிட்டான். புதுச் சட்டை. நெற்றியில் திருநீறு. தலை... விளக்கு வெளிச்சத்தில் தகதகவென்று மின்னியது. படிய வாரி, ஒரு முடி பிசகாமல், எண்ணெய் காதோரம் வழிந்துகொண்டிருந்தது.

"மச்சான், தலையில என்னா இது?" என்றேன்.

"எண்ணெய்லா. நல்ல காரியத்துக்குப் போறப்ப வறட்டுத் தலையோடவா வர்றது? சனிக்கிழமை வேற. வீட்டுல நல்லா ஊற வச்சி, தலை வாரி அனுப்பினாங்க."

நான் அவனைத் திட்டவில்லை. எப்படித் திட்டுவது? அன்று காலை அதே காரணத்துக்காக லெட்சுமி தர்ஷினிக்கும் அரைக் கிண்ணம் எண்ணெய் வைத்து இரட்டைச் சடை போட்டு அனுப்பியிருந்தாள். தனக்கும் வைத்துக்கொண்டு, மேலே மல்லிகைப்பூவும் சூடியிருந்தாள். தலைதான் இந்த ஆராய்ச்சிக்கு எந்திரம் என்று தெரிந்த குடும்பம் நாங்கள். எங்களுக்கே தோன்றவில்லை.

எங்கள் முறை வர நாற்பது நிமிடம் இருந்தது. சேகர் கழிவறைக்கு ஓடினான், தலையைக் கழுவ. நான் பலூனோடு மண்டபத்தைச் சுற்றினேன்.

அப்போதுதான் கவனித்தேன். தைப்பூசம் முடிந்த வாரம். பையன்களில் பாதிப் பேர் மொட்டை. மீதிப் பாதி எண்ணெய். பெண் பிள்ளைகள் எல்லாம் எண்ணெய், இரட்டைச் சடை. அப்பாக்கள் என்னைப் போலவே மொட்டை. அம்மாக்கள் எண்ணெயும் பூவும். மலாய்க்கார அம்மாமார் தலையை மூடித் தூடோங் அணிந்திருந்தார்கள். அவர்களிடம் கேட்பது முறையல்ல. வெளியே பஸ் டிரைவர் ஒரு சீன அங்கிள். தொப்பி போட்டிருந்தார். ஆவலோடு கேட்டேன். அவர் தயங்காமல் தொப்பியைக் கழற்றினார். உள்ளே என்னைவிடச் சுத்தமான மொட்டை. அது நேர்த்திக்கடன் இல்லை, வயசு என்றார்.

ஒரு மண்டபம் நிறையத் தலை. ஒரு காய்ந்த தலை கிடையாது.

கழிவறையில் எட்டிப் பார்த்தேன். சேகர் கேன்டீனில் பாத்திரம் கழுவும் சோப்பு வாங்கி மூன்று தடவை தேய்த்துவிட்டு, கை உலர்த்தும் மெஷினுக்கு அடியில் குனிந்து தலையைக் காட்டிக்கொண்டிருந்தான். அது பத்து வினாடிக்கு ஒரு தடவை நின்றுவிடும். நிற்கும்போதெல்லாம் கையை ஆட்டினான். ஈரத் தலையும் உதவாது என்று அவனுக்குத் தெரியும். இன்னும் பாதித் தலைகூடக் காயவில்லை.

அங்கே தர்ஷினி பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மூன்று நடுவர்கள். இடப்பக்கம் ஒரு தமிழர், கையில் விதிமுறைத் தாள். வலப்பக்கம் ஒரு மலாய்க்கார விரிவுரையாளர். நடுவில் தலைமை நடுவர், ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியை, சீன அம்மையார். காலையிலிருந்து அவர் சிரித்து யாரும் பார்க்கவில்லை. முன்னால் போன ஒரு பையன் அவர் கேட்ட கேள்வியில் தன் பெயரையே மறந்துவிட்டான்.

நான் மகளுக்குப் பின்னால் போய் நின்றேன். தர்ஷினி மலாயில் அழகாக விளக்கினாள். அப்சோர்பர், எண்ணெய், ரசம், கேசரி... எல்லாம். அப்புறம் செய்து காட்ட வேண்டிய இடம் வந்தது. நின்றாள். பலூனைப் பார்த்தாள். மெல்ல நிமிர்ந்து தலைமை நடுவரின் தலையைப் பார்த்தாள்.

நானும் பார்த்தேன்.

வெள்ளி முடி. குட்டையாக வெட்டி, இலவம்பஞ்சு மாதிரி லேசாக, காற்றில் ஆடிக்கொண்டு... பிறந்ததிலிருந்து தேங்காய் எண்ணெயை அறியாத முடி.

முருகா என்று மனதுக்குள் கூப்பிட்டேன். இந்தத் தடவை எதையும் தருவதாகச் சொல்லவில்லை.

தர்ஷினி பேசினாள். என் பட்டியலில் ஐந்தாவது பொருள் இன்று இல்லை, அதை என் அப்பா சாமிக்குக் கொடுத்துவிட்டார் என்று மலாயில் சொன்னாள். மூன்று நடுவர்களும் அறிக்கையைப் புரட்டி ஐந்தாவது பொருளைப் படித்தார்கள். பிறகு மூன்று பேரும் ஒன்றாக நிமிர்ந்து என் தலையைப் பார்த்தார்கள். தமிழ் நடுவருக்கு இருமல் வந்துவிட்டது.

"டீச்சர், உங்க முடியைக் கொஞ்சம் கடன் குடுப்பீங்களா?"

கூட வந்திருந்த புனிதா டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

தலைமை நடுவர் கோபப்படவில்லை. விதியில் இதற்கு இடம் இருக்கிறதா என்று பக்கத்தில் கேட்டார். தமிழ் நடுவர் தாளைப் பார்த்து, போட்டியாளர் தன் பொருட்களைத் தானே கொண்டுவர வேண்டும் என்று விதி இருக்கிறது, ஆகவே முடியாது என்றார். மலாய்க்கார விரிவுரையாளர் மட்டும் அந்தத் தாளை வாங்கி அடுத்த பக்கத்தைப் படித்தார். மண்டபத்தில் உள்ள மேசை, நாற்காலி, தண்ணீர்க் குழாய், மின்சார பிளக் ஆகியவற்றை எல்லாரும் பயன்படுத்தலாம் என்று அங்கே இருந்தது.

இப்போது கேள்வி இதுதான். தலைமை நடுவரின் தலை, போட்டியாளர் கொண்டுவர வேண்டிய பொருளா, இல்லை மண்டபத்தில் உள்ள பிளக்கா?

சிரிக்காதீர்கள். ஐந்து நிமிடம் இதை விவாதித்தார்கள். மின்சாரம் தருவதால் அதை பிளக் என்று கொள்ளலாம் என்றார் ஒருவர். பிளக் என்றால் எல்லாப் போட்டியாளருக்கும் சமமாகக் கிடைக்க வேண்டுமே என்றார் மற்றவர். அதற்கும் வழி கண்டார்கள். தலைமை நடுவரே மைக்கை எடுத்துக் கொடுத்து, என் தலைமுடி வேறு எந்தக் குழுவுக்காவது தேவைப்படுகிறதா என்று மூன்று மொழியிலும் அறிவிக்கச் சொன்னார். யாரும் கை தூக்கவில்லை. அதைக் குறித்துக்கொண்டார்கள்.

பிறகு அந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்தார்.

தர்ஷினி முப்பது தடவை தேய்த்தாள். சடசட சத்தம் எனக்குக் கேட்டது. கரண்டியைச் சாய்த்தாள். கலவை ஒழுகியது. பலூன் வந்தது.

நின்றது. கொக்கி மாதிரி வளைந்து, விறைத்து, அந்தரத்தில் நின்றது. பலூன் போனது. விழுந்தது. மறுபடியும்... நின்றது. பின்வரிசைப் பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறிவிட்டார்கள்.

தலைமை நடுவர் நிமிர்ந்தார். அவர் முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நின்றது. அவருக்கு அது தெரியாது. பலூனைத் தானே வாங்கி இரண்டு தடவை செய்து பார்த்தார். சோள மாவுக்குப் பதில் சீனியை அரைத்துப் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். தெரியாது டீச்சர், செய்து பார்த்துச் சொல்கிறேன் என்றாள் என் மகள். அந்த அம்மையார் அப்போது சிரித்தார்.

கடைசியாக ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். தர்ஷினி என் பக்கம் கையைக் காட்டினாள். "இது எங்கப்பா. டிரைவர். இந்த எண்ணெயைப் பத்தி எனக்கு மொதல்ல சொன்னது அவர்தான். யாரும் நம்பல. நானும் நம்பல."

பிள்ளைகளே, அந்த நேரத்தில் எனக்கு முடி இருந்திருந்தால் அதுவும் எழுந்து நின்றிருக்கும்.

நாங்கள் மேசையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது சேகர் ஓடி வந்தான். பாத்திர சோப்பும் சூடான காற்றும் சேர்ந்து அவன் தலை ஒரு புதர் அளவுக்கு விரிந்திருந்தது. "மச்சான், காஞ்சிருச்சி. தேய்க்கச் சொல்லுங்க" என்று தலையை நீட்டினான். லெட்சுமி சிரித்த சிரிப்பில் மல்லிகைப்பூ நழுவி விழுந்தது.

தர்ஷினிக்கு மூன்றாம் பரிசு. தேசிய அளவுக்கு முதல் பரிசுக்காரர் மட்டும்தான் போக முடியும். மதிப்பெண் தாளில் தலைமை நடுவர் தன் கையால் ஒரு வரி எழுதியிருந்தார்: நல்ல ஆராய்ச்சி, மின்சாரத்துக்கு இன்னும் நம்பகமான ஏற்பாடு தேவை. பரிசளிப்புப் படத்தில் அவர் முடி அப்போதும் நின்றுகொண்டுதான் இருக்கிறது. அவரிடம் அதைச் சொல்ல ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

திரும்பும்போது எங்கள் சொந்தக் காரில் வந்தோம். அதன் அப்சோர்பர் செத்து இரண்டு வருடம் ஆகிறது. ஒவ்வொரு குழியும் எங்களுக்குத் தெரிந்தது. பின் சீட்டில் தர்ஷினி கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு விளக்கில் நின்றபோது கூப்பிட்டாள்.

"ப்பா."

ஆறு நாளைக்குப் பிறகு.

"என்னாம்மா?"

"அடுத்த வருஷத்துக்குள்ள முடி வளந்துருமா?"

"வளந்துரும்மா."

"அப்ப என்கிட்ட கேக்காம சாமிகிட்ட ஒண்ணும் பேசாதீங்க. சீனி வேற போட்டுப் பாக்கணும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? என் தலையில் முளைப்பதெல்லாம் என்னுடையது என்றுதான் இத்தனை வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள், பிள்ளைகளே. உங்களுக்காக எதையாவது வேண்டிக்கொள்ளும் முன், உங்களையும் ஒரு வார்த்தை கேட்கட்டும். முருகன் அடுத்த தைப்பூசம் வரை காத்திருப்பார்... அறிவியல் போட்டி காத்திருக்காது.